வானவில்லை அளந்தவர்கள்

மாலை மழை ஓய்ந்து மேற்கே வெயில் தலைகாட்டும் வேளையில் கீழ்வானில் வில்லொன்று வளைந்து நிற்கும். குழந்தைகள் கூவி அழைக்கப் பெரியவர்களும் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். 'சுப்ஹானல்லாஹ்' என்று வியந்துவிட்டு உள்ளே திரும்புவோர் நம்மில் பலர். அவ்வாறு வியந்த பின்னும் உள்ளே திரும்பாமல் நின்று, 'இது ஏன் வில்லாக வளைகிறது? வண்ணங்கள் ஏன் இந்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன? மேலே மங்கலாகத் தெரியும் இரண்டாம் வில்லில் அவ்வரிசை ஏன் தலைகீழாக இருக்கிறது?' என்று கேட்டவர்களும் நம் முன்னோரில் இருந்தார்கள். அவர்களுடைய வரலாற்றையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

இப்னுல் ஹைதமின் பெயர் நம் விழா மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. 'ஒளியியலின் தந்தை' என்று முழங்கிக் கைதட்டல் பெறுவது எளிது. ஆனால் அவர் எதைச் சாதித்தார், எங்கே தவறினார், அத்தவறை யார், எவ்வாறு திருத்தினார் என்று அறிந்துகொள்ள முற்படுவோர் சிலரே. அம்மேதையின் வெற்றியைக் காட்டிலும் அவருடைய தவறும் அது திருத்தப்பட்ட முறையுமே நமக்கு அதிகம் கற்பிக்கின்றன என்பது நம் துணிபு.

பஸராவின் அறிஞர்

அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் கி.பி. 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, 1040ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்தார். நைல் நதியின் பெருக்கை அடக்கித் தருவதாகச் சொல்லி ஃபாத்திமியக் கலீஃபா அல்ஹாக்கிமிடம் வந்தார் என்றும், அஸ்வான் பக்கம் சென்று பார்த்து அது இயலாதெனக் கண்டார் என்றும், கலீஃபாவின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர்போல நடித்து வீட்டுக்காவலில் இருந்தார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அவருக்கு இரு நூற்றாண்டுகள் பிற்பட்ட இப்னுல் கிஃப்தி எழுதி வைத்த செய்தி அது. யூக்ளிடின் நூலையும் தாலமியின் நூலையும் தம் கையால் படியெடுத்து விற்று, அந்த ஊதியத்திலேயே வாழ்ந்தார் என்றும் அவர் எழுதுகிறார்.

இப்னுல் ஹைதமின் பெருநூல் 'கிதாபுல் மனாஸிர்'. ஏழு பகுதிகளைக் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் காட்சி உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்தனர். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவிக் கண்ணை வந்தடைகிறது என்று இவர் நிறுவினார். ஞாயிற்றை நேரே நோக்கினால் கண் வலிக்கிறதே, வெளியிலிருந்து ஒன்று வந்து தாக்காமல் அது எவ்வாறு நிகழும் என்பது அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று. இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டு, அதன் போக்கை அளந்து சோதித்தார். இத்தகைய சோதனைக்கு அவர் வைத்த பெயர் 'இஃதிபார்'.

சோதனையோடு அவர் கணக்கையும் இணைத்தார். ஓரிடத்தில் விளக்கு, மற்றோரிடத்தில் கண், எதிரே உருண்டை வடிவான ஆடி. விளக்கின் ஒளி அவ்வாடியின் எந்தப் புள்ளியில் பட்டுக் கண்ணுக்கு வரும்? கேட்பதற்கு எளிய இக்கேள்வி நான்காம் படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் விடும். வட்டத்தையும் அதிபரவளையத்தையும் ஒன்றையொன்று வெட்டச் செய்து அவர் இதற்கு விடை கண்டார். ஐரோப்பாவில் 'அல்ஹாஸனின் கணக்கு' என்று பெயர்பெற்ற இதனைப் பதினேழாம் நூற்றாண்டில் ஹைகன்ஸ் மீண்டும் ஆராய்ந்தார். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு இதனைப் பொதுவாகத் தீர்க்க இயலாது என்பதை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பீட்டர் நாய்மன் 1997இல் மெய்ப்பித்தார்.

மேதையின் பிழை

இத்தகைய பேரறிஞர் வானவில்லை ஆராய்ந்தபோது தவறினார். மேகம் முழுவதையும் ஒரு குழியாடியாகக் கொண்டு, அதில் ஞாயிற்றின் ஒளி பட்டு எதிரொளிப்பதே வில்லாகத் தெரிகிறது என்று தனி நூலொன்றில் எழுதினார். அவர் காலத்தவரான இப்னு ஸீனாவோ, வில் தோன்றுவது கரிய மேகத்திலன்று, அதற்கு முன்னே நிற்கும் மெல்லிய ஈரப் படலத்தில்தான் என்று கண்டு எழுதியிருந்தார். ஆயினும் அங்கே ஒளி எவ்வழியே செல்கிறது என்பதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

நூல்கள் இருந்தும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இப்புதிர் அவிழவில்லை.

தப்ரீஸின் மாணவர்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மங்கோலியர் ஆட்சியிலிருந்த பாரசீகத்தில், குத்புத்தீன் ஷீராஸி என்னும் வானியல் அறிஞரிடம் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி என்ற இளைஞர் பாடம் கேட்டார். ஒளி விலகலைக் குறித்துப் பெரியோர் நூல்களில் தாம் படித்தவை ஒன்றோடொன்று முரண்படுவதாக அம்மாணவர் குறைபட்டார். தாம் இளமையில் கண்டிருந்த இப்னுல் ஹைதமின் நூலை ஆசிரியர் நினைவுகூர்ந்தார். தொலைவிலிருந்து அதன் படியொன்றை வரவழைத்துக் கொடுத்து, அதற்கு விரிவுரை எழுதுமாறும் பணித்தார். அவ்வாறு பிறந்ததே 'தன்கீஹுல் மனாஸிர்' என்னும் நூல்.

விரிவுரை என்றால் மூல ஆசிரியரைப் போற்றிப் பொருள் சொல்வதோடு நிற்பதே வழக்கம். அல்ஃபாரிஸியோ போற்றவும் செய்தார், சோதிக்கவும் செய்தார். வானவில்லைப் பற்றி இப்னுல் ஹைதம் எழுதியது பொருந்தாது என்று கண்டார். அதே சமயம், ஒளியை ஒருமுகப்படுத்தி எரிக்கும் கண்ணாடிக் கோளத்தைப் பற்றி அவர் எழுதியிருந்த மற்றொரு சிறு நூல் இவர் கண்ணில் பட்டது. கோளத்துக்குள் கதிர் எவ்வாறு விலகிச் செல்கிறது என்பதை அது கணித முறையில் ஆராய்ந்திருந்தது. மழைத்துளியும் ஒரு கோளம்தானே! பூட்டு ஒரு நூலிலும் அதன் திறவுகோல் மற்றொரு நூலிலுமாக, இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தன. எழுதியவருக்கு அவற்றைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை, படித்தவருக்குத் தோன்றியது.

அல்ஃபாரிஸி பெரியதொரு கண்ணாடிக் கோளத்தில் நீரை நிரப்பி, அதனையே ஒரு மழைத்துளியாகக் கொண்டார். இருட்டறையில் வைத்து ஒளியைப் பாய்ச்சினார். கண்ணாடிச் சுவர் மெல்லியதாகையால் அதனால் நேரும் மாற்றத்தை விட்டுவிடலாம் என்றும் வாதிட்டார். கதிர் கோளத்துக்குள் புகும்போது ஒருமுறை விலகி, உட்சுவரில் ஒருமுறை எதிரொளித்து, வெளியேறும்போது மீண்டும் ஒருமுறை விலகுவதால் முதல் வில் தோன்றுகிறது என்று கண்டறிந்தார். உள்ளே இருமுறை எதிரொளித்து வருவது இரண்டாம் வில். அதன் வண்ண வரிசை ஏன் தலைகீழாக இருக்கிறது, அது ஏன் மங்கலாக இருக்கிறது என்பவற்றுக்கு வழி இதனால் திறந்தது.

விந்தை என்னவெனில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் நகரத்துத் தியோடரிக் என்ற கிறித்துவத் துறவியும் நீர்க்கோளத்தைக் கொண்டு இதே முடிவுக்கு வந்தார். ஒருவரை ஒருவர் அறியார். ஆனால் இருவருமே இப்னுல் ஹைதமைப் படித்தவர்கள். ஒருவர் அரபியில், மற்றவர் லத்தீன் மொழிபெயர்ப்பில். அந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் மூல நூலின் முதல் மூன்று அதிகாரங்கள் விடுபட்டிருந்தன. ஆராய்ச்சி முறையைப் பற்றி ஆசிரியர் விளக்கியது அவ்விடத்தில்தான். எனினும் அம்முறை நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஊடுருவி நின்றமையால் மறைந்துவிடவில்லை.

தொலைந்த ஏடு

அல்ஃபாரிஸியிடமும் ஒரு குறை இருந்தது. வண்ணங்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் நிலைக்கவில்லை. அதற்கு நியூட்டனின் பட்டகம் வரவேண்டியிருந்தது. ஒளி விலகலுக்குரிய சரியான விதியும் அவர் கையில் இல்லை.

வேதனை என்னவென்றால், அவ்விதி முன்னரே எழுதப்பட்டிருந்தது என்பதுதான். 984ஆம் ஆண்டளவில் பக்தாதில் அலா இப்னு ஸஹ்ல் என்பவர் எரிக்கும் கருவிகளைப் பற்றிய நூலில் அதே விகிதத்தை வரைந்து காட்டியிருந்தார். இன்று பள்ளிப் பாடத்தில் ஸ்நெல் விதி என்று நம் பிள்ளைகள் படிப்பது அதுவே. ஸ்நெல் அதனைக் கண்டது 1621இல். இப்னு ஸஹ்லின் எழுத்தை இப்னுல் ஹைதமும் அறிந்திருந்தார். ஆயினும் அவ்விகிதத்தைத் தம் பெருநூலில் எடுத்தாளவில்லை. ஏடுகள் சிதறின. டமாஸ்கஸிலும் தெஹ்ரானிலும் கிடந்தவற்றைத் தேடி இணைத்து, ருஷ்தீ ராஷித் என்ற ஆய்வாளர் 1990இல் உலகறியச் செய்தார். ஆயிரம் ஆண்டுகள் அந்த ஏடு படிப்பாரற்றுக் கிடந்தது. இதனை எண்ணும்போது பெருமிதத்தைவிடத் துயரமே நமக்கு மேலிடுகிறது.

கணக்கு வளர்ந்த கதை

1637இல் டேக்கார்ட் விலகல் விதியைக் கொண்டு, துளியின் வெவ்வேறு இடங்களில் புகும் கதிர்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு அட்டவணையிட்டார். வெளியேறும் கதிர்கள் சுமார் 42 பாகைக் கோணத்தில் நெருங்கிக் குவிவதைக் கண்டார். ஞாயிற்றுக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து அக்கோணத்தில் உள்ள துளிகள் யாவும் ஒரு வட்டத்தின்மீது அமைவதால்தான் வில் வளைகிறது. இரண்டாம் வில்லின் கோணம் சுமார் 51 பாகை.

அதனோடும் கணக்கு முடியவில்லை. வில்லின் உட்புறத்தில் சில வேளைகளில் தோன்றும் மெல்லிய வரிகளைக் கதிர்க் கணக்கு விளக்காது. ஒளியை அலையாகக் கொண்ட யங், அவற்றுக்குக் காரணம் காட்டினார். ஏரி 1838இல் அதற்கொரு தொகையீட்டைத் தந்து, அதன் மதிப்புகளைக் கையாலேயே பாடுபட்டுக் கணக்கிட்டார். 1908இல் குஸ்டாவ் மீ கோளத்தின்மீது படும் ஒளிக்கு முழுமையான தீர்வைத் தந்தார். ஆனால் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள மழைத்துளிக்கு அத்தொடரில் 12,500க்கும் மேற்பட்ட உறுப்புகளைக் கூட்டவேண்டும்! கணிப்பொறி வந்த பின்னரே அது கைகூடியது.

இன்னும் வியப்பு உண்டு. ஏரியின் அதே சார்பு பின்னர்க் குவாண்டம் இயற்பியலிலும் இடம்பெற்றது. துகள்கள் மோதிச் சிதறும்போதும் வானவில்லை ஒத்த குவியல் உண்டாகும் என்று 1959இல் ஃபோர்டும் வீலரும் விளக்கினர். பத்து ஆண்டுகள் கழித்து, பிரேசில் நாட்டு நுசென்ஸ்வைக் குவாண்டம் சிதறலுக்கென வளர்ந்த கணித முறையைத் திருப்பி எடுத்து வானவில்லுக்கே பயன்படுத்தினார். மழைத்துளியில் தொடங்கிய கேள்வி அணுவுக்குள் சென்று, மீண்டும் மழைத்துளிக்கே வந்து சேர்ந்தது.

நமக்குரிய பாடம்

'எல்லாவற்றையும் நம்மவர் அன்றே கண்டுவிட்டனர்' என்று சொல்லுதல் மெய்யன்று. வானவில்லின் கணக்கில் கிரேக்கர், அரபியர், பாரசீகர், ஐரோப்பியர் எனப் பலர் கை வைத்துள்ளனர். 'நம்மவர் வெறும் தூதுவர். கிரேக்க நூலைக் காத்து ஐரோப்பாவிடம் ஒப்படைத்தவர்' என்பதும் மெய்யன்று. தாலமியைக் குறித்து 'ஐயங்கள்' என்றே ஒரு நூல் எழுதியவர் இப்னுல் ஹைதம். முன்னோரின் எழுத்தை நம்பிவிடாது சோதிக்கவேண்டும், சோதிக்கும் தன் மனத்தையும் ஐயுறவேண்டும் என்பது அவர் அதில் வகுத்த நெறி. அந்நெறியை அவர்மீதே செலுத்தியவர் அல்ஃபாரிஸி. ஆசானை மறுத்ததனால் அவர் ஆசானுக்குப் பிழை செய்தவராகவில்லை. உண்மையான மாணவர் அவரே.

'தன்கீஹுல் மனாஸிர்' நம் நாட்டில், ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் அச்சகத்தில் 1928 முதல் 1930 வரையிலான ஆண்டுகளில் அச்சேறியது. அந்நூல் அரபு மத்ரஸா ஒன்றின் அலமாரியில் இருக்கக்கூடும். ஒளியியல் கணக்கு அறிந்த பிள்ளை அடுத்த தெருவில் கல்லூரிக்குப் போய்வரக்கூடும். அலமாரியில் உள்ளதைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கணக்குத் தெரியாது. கணக்குத் தெரிந்தவருக்கு அதன் மொழி தெரியாது. இவ்விருவரையும் ஒரு மேசையில் அமர்த்துவதே நாம் அம்முன்னோருக்குச் செலுத்தும் மரியாதையாகும். அடுத்த மழையில் வில் தோன்றும்போது நம் குழந்தைகள் 'ஏன்?' என்று கேட்டால், வாயடைக்காமல் இருப்பது அதன் தொடக்கமாக அமையட்டும்.