உயிர்ப்பிச்சை பெற்றவர்களின் எஞ்சிய நாட்கள்

மரண தண்டனை நீக்கப்பட்டது என்ற செய்தி கேட்டு நாம் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். அதன்பின் அம்மனிதன் என்ன ஆனான் என்று கேட்பதில்லை. திருமறை அவ்வாறு பாதியில் விட்டுவிடவில்லை. காயீனின் உயிருக்குக் கர்த்தர் காவலிட்டதைக் கூறும் ஆதியாகமம் 4ஆம் அதிகாரமே, அலைந்து திரியும் அத்தண்டனையைத் தாங்க இயலாதென்று அவன் முறையிட்டதையும் கூறுகிறது.

இராமநாதபுரச் சீமையின் வரலாற்றிலும் இம்முறையீடு கேட்கிறது. 1799 ஏப்ரலில் மயிலப்பன் சேர்வைகாரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி ஆகிய ஊர்களில் கம்பெனி ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. அது அடக்கப்பட்டபோதிலும், 1801இல் மருது சகோதரர்களின் சிவகங்கையில் பெரும்போராக எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சேர்வைகாரருக்கும் 1802இல் அதுவே முடிவாயிற்று.

சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி மட்டும் தூக்குக்குத் தப்பினான். அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ 15. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளுடன் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டான். இது முறைப்படியான தண்டனைக் குறைப்பு அன்று என்பது மெய்யே. எனினும் அக்கால ஆங்கிலச் சட்டத்தில் தூக்குக்கு அடுத்த படி நாடுகடத்தலே.

அவனது பிற்காலத்தை நாம் அறிவது ஜேம்ஸ் வெல்ஷ் என்ற படை அதிகாரியால். முன்னர் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர் அவர். பின்னர் அவருக்கு எதிராகவே போரிட்டவர். 1818இல் வெல்ஷ் பினாங்கில் இருந்தபோது தளர்ந்து ஒடுங்கிய முதியவர் ஒருவர் அவரைக் காண வந்தார். அவர்தாம் துரைசாமி! வயதோ முப்பத்திரண்டு அளவே இருக்கவேண்டும். அவர் விடுதலை கேட்கவில்லை. ஊரில் உயிரோடு எஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகுமாறு மட்டுமே வேண்டினார். விதி இடந்தராமையால் மறுக்க நேர்ந்தது என்று, 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் வருந்தி எழுதுகிறார். அவர் கல்நெஞ்சர் அல்லர்; அதுவே நம்மை உறுத்துகிறது.

தீவாந்தர தண்டனை 1955ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் ஆயுள் சிறைத்தண்டனையாக மாறியது. ஆயுள் என்றால் 14 ஆண்டு என்பது மக்களிடையே வழங்கும் எண்ணம். எஞ்சிய வாழ்நாள் முழுவதுமே அதன் பொருள் என்று உச்ச நீதிமன்றம் 1961இல் தெளிவாக்கியது. தூக்கிலிருந்து குறைக்கப்பட்டவரை 14 ஆண்டுகளுக்குமுன் விடுவிக்கலாகாது என்ற தடை 1978இல் வந்தது.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் மாண்டவர்களின் குடும்பத்தார் துயரை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வழக்கில் 1998இல் மரண தண்டனை பெற்றவர்களுள் இலங்கையரான சாந்தன் ஒருவர். கருணை மனுவின் மீது முடிவெடுக்க நேர்ந்த நெடுங்காலத் தாமதத்தைக் காட்டி, 2014 பிப்ரவரி 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2022 நவம்பர் 11ஆம் நாள் விடுதலையும் அளித்தது. ஆனால் சிறை வாயிலைக் கடந்தவர் வீடு சேரவில்லை; அயல்நாட்டார் என்பதால் திருச்சிராப்பள்ளிச் சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். யாழ்ப்பாணத்திலிருந்த முதிய தாயைக் காண அனுமதி வேண்டிக்கொண்டிருந்தார். 2024 பிப்ரவரியில் பயண அனுமதி வந்தபோது ஈரல் நோய் முற்றிச் சென்னை மருத்துவமனையில் கிடந்தார். அம்மாதம் 28ஆம் நாள் இறந்தார். தாயிடம் சென்று சேர்ந்தது அவரது உடலே.