அறிவொளிக்குப் போன அம்மா

அறிவொளி இயக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிளிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்தபடி 1,500 பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரை பின்னாளில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில்கூட இடம்பெற்றது.

அந்த 1,500 பேரில் என் அம்மா இல்லை. அவளிடம் எழுத்துப் படித்த நான்கு பேர் போயிருந்தார்கள். அவர்களுடைய கைக்குழந்தைகளை அன்று முழுக்க எங்கள் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொண்டது அம்மாதான்.

உங்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-ல் தொடங்கியது. 1990-ல் கேரளத்தின் எர்ணாகுளம், முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி சூடுபிடித்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமும் போட்டு ஆள் சேர்த்தார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51 சதவீதம்தான். மற்ற பாதிக்குச் சொல்லிக்கொடுக்க அரசாங்கத்திடம் வாத்தியார் கிடையாது. ஆகவே தொண்டர்களைத் தேடினார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை.

அம்மாவுக்கு அப்போது 53 வயது. மற்ற தொண்டர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள். 1938-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தவள் அவள். நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு அம்மன் காசு கொடுத்ததைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தாள். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948-ல் அவளுக்குப் பத்து வயது. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், பதினேழில் கல்யாணம். அதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் வாங்கி டாக்டரானவர். "அந்தம்மா படிச்ச ஊருலதான் என்னைய அடுப்படிக்கு அனுப்புனாக" என்பாள். ஐந்து பிள்ளைகளில் நான் கடைசி.

வகுப்பு ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான். களையெடுத்தவர்களும் கல்லுடைத்தவர்களும் வீட்டில் உலை இறக்கி, எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு வருவார்கள். அறிவொளிப் பாடம் அ, ஆ என்று தொடங்காது. வாழ்க்கையில் புழங்கும் ஒரு சொல்லை முதலில் பேசி, பிறகு அதன் எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அதன் முறை. முதல் பாடத்தில் வந்த சொற்களில் ஒன்று 'பட்டா'. அரிக்கேன் வெளிச்சத்தில் அம்மா அதைப் பலகையில் எழுதியதும் ஒரு அப்பத்தா சிரித்துவிட்டார்.

"எங்க ஆத்தா பேருலயும் பட்டா இல்ல, எம் பேருலயும் இல்ல. எழுதிப் பாக்க மட்டும் குடுத்துருக்காகளாத்தா?"

அன்றைக்கு எழுத்து நடக்கவில்லை. யார் நிலம் யார் பேரில் இருக்கிறது, கைநாட்டு வாங்கிக்கொண்டு எழுதிப்போன பத்திரங்கள் எத்தனை என்று பேச்சு பதினோரு மணி வரை ஓடியது. பாடம் எழுதியவர்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

சைக்கிளுக்கு வருகிறேன். மாவட்டத்தில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள், பிள்ளையை முன்னால் உட்காரவைக்க அந்த பார் வசதி என்றும் கண்டுபிடித்தார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாகச் சாய்நாத் எழுதுகிறார். அம்மாவும் அப்பாவின் சைக்கிளில் பழகினாள். சேலை செயினில் மாட்டி இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் மாதம் பக்கத்து ஊர் வகுப்புக்குத் தனியாகப் போனாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் பொழுது சாய்ந்த பிறகு அவள் தனியாக ஊர் எல்லை தாண்டியது அதுதான் முதல் தடவை.

சரி, அம்மா வெளியே போனால் அடுப்பு யாரிடம் போகும்? என்னிடம் வந்தது. நான் அப்போது பிளஸ் டூ. அந்த மார்ச்சில் பொதுத்தேர்வு. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே உலை பார்த்தேன். "ஊருக்குப் படிப்பு குடுத்துட்டு மக படிப்பக் கெடுக்குற" என்று அப்பா சத்தம் போடுவார், ஆனால் அடுப்பு இருக்கும் பக்கம் போகமாட்டார். அம்மா பதில் சொல்லாமல் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். அறிவொளி அரசாங்கத்துக்கு மலிவாக முடிந்தது என்றால், மிச்சச் செலவை ஏற்றுக்கொண்டது தொண்டர்களுடைய வீட்டுப் பெண்கள். இயக்கத்தைப் பற்றிப் படித்த பெருமிதங்களில் இந்த வரவுசெலவை நான் அதிகம் பார்த்ததில்லை.

இயக்கத்தின் வேகம் சில வருஷங்களில் அடங்கியது. தொடர்ந்து படிக்க ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு எழுத்து மறந்தது. சிலருக்குக் கையெழுத்து மட்டும் மிஞ்சியது. ஆனால் கையெழுத்து சின்ன விஷயமில்லை. புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றி மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி 2013-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெண்கள் மனு எழுதி, கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போட்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவதைப் பற்றி அதில் விரிவாகப் பேசுகிறார். எங்கள் ஊரில் அந்த மனுக்களை எழுதிக்கொடுத்தது அம்மா. ஆனால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் கைநாட்டு வைக்க வந்தால் விடமாட்டாள். "ஒம் பேரு உனக்குத் தெரியுமில்ல, எழுது" என்பாள். 1997-98-ல் மகளிர் திட்டம் வந்து சுயஉதவிக் குழுக்கள் பெருகியபோது, எங்கள் ஊர்க் குழுவின் கணக்கு நோட்டும் அவளிடமே வந்தது. எழுபது வயது தாண்டியும் அதை விடவில்லை.

2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. கொரோனாவில் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுக்க வேண்டும், மாதம் 1,000 ரூபாய். பக்கத்து வீட்டு மருமகள் சேர்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்ட அம்மா, "ஆயிரம் ரூவாயா! நாங்க மண்ணெண்ணெயே சொந்தக் காசுல ஊத்துனோமே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "குடுக்கட்டும். எங்களுக்கும் குடுத்துருக்கணும்" என்றாள். முப்பது வருஷத்தில் பணத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரே வார்த்தை அது.

தொண்டு என்கிற பெயரில் பெண்களின் உழைப்பு இலவசமாகப் போகிறது என்று இன்று எழுதுகிறோம். அது உண்மை. ஆனால் அம்மாவின் விஷயத்தில் இன்னொன்றும் உண்மை. கோயில், கல்யாணம், சாவு தவிர வீட்டை விட்டுக் கிளம்ப அவளுக்கு வேறு காரணமே இருந்ததில்லை. 'அறிவொளிக்குப் போறேன்' என்ற ஒரு வார்த்தை அந்தக் காரணத்தைக் கொடுத்தது. சர்க்கார் வேலை என்பதால் அப்பாவாலும் தடுக்க முடியவில்லை. அவள் ஊருக்குக் கொடுத்த அளவுக்கு ஊரிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் செய்தாள். இதில் எந்த ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னாலும் அவளுடைய கதை பாதிதான்.

2024-ல், 86 வயதில் அம்மா இறந்தாள். இறப்பைப் பதியும் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அண்ணன் 'வீட்டு வேலை' என்று எழுதப்போனார். நான் பேனாவை வாங்கி 'அறிவொளித் தொண்டர்' என்று எழுதினேன். அப்படி ஒரு தொழில் பட்டியலில் கிடையாதே என்றார் அலுவலர். அது தெரியும், இருக்கட்டும் என்றேன்.