சாம்பலில் தேடப்பட்ட சிமிழ்

1615 ஜூன் தொடக்கத்தில் ஜப்பானின் ஒசாகா கோட்டை எரிந்து விழுந்தது. வென்ற தொகுகாவா இயேயாசு இரண்டைத் தேடச் சொன்னார். ஒன்று, தோற்ற டொயோட்டோமி வம்சத்தின் கடைசி ஆண் வாரிசு. அந்நாளைய கணக்கில் எட்டு வயதான குனிமாட்சு. மற்றொன்று, தேயிலைத்தூள் வைக்கும் ஒரு மண்சிமிழ். இரண்டும் அகப்பட்டன. பிள்ளையைக் கொன்றார்கள். சிமிழ் இன்றும் டோக்கியோவில் இருக்கிறது.

அந்தச் சிமிழின் பெயர் த்சுகுமோ நாசு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்; கத்தரிக்காய் போல அடி பருத்து, கழுத்து குறுகியிருக்கும். 13, 14ஆம் நூற்றாண்டுவாக்கில் சீனத்தில் வனைந்து சுட்டது. ஜப்பானில் அதை முதலில் வைத்திருந்தவர் ஷோகுன் அஷிகாகா யோஷிமிட்சு என்பது வழிவழியாக வரும் செய்தி. பிறகு தேநீர்க் கலையின் முன்னோடி முராதா ஜுகோ அதை 99 கான் கொடுத்து வாங்கினார். கான் என்பது ஆயிரம் செப்புக்காசு கோத்த சரம். அசாகுரா குலத்தார் கைக்குப் போனபோது விலை 500 கான். அதற்கடுத்த கைமாற்றத்தில் 1000.

வெறும் ஆடம்பரத்துக்காகவா இத்தனை விலை? இல்லை. 1568இல் போர்த்தலைவர் ஓடா நோபுனாகா படையோடு கியோட்டோவுக்குள் நுழைந்தார். அப்போது சிமிழை வைத்திருந்த மாட்சுனாகா ஹிசாஹிதே அதை அவர் முன் காணிக்கையாக வைத்துப் பணிந்தார். தன் யமாதோ மாகாணத்தைத் தக்கவைத்துக்கொண்டார். நோபுனாகா தளபதிகளுக்கு நிலத்துக்குப் பதிலாகத் தேநீர்ப் பாத்திரங்களைப் பரிசளிக்கும் வழக்கத்தை உண்டாக்கியவர். ஒரு மாகாணமே பரிசாகக் கிடைத்த தளபதி தாகிகாவா கசுமாசு, தான் ஆசைப்பட்ட சிமிழ் கிடைக்கவில்லையே என்று கடிதத்தில் புலம்பியிருக்கிறார். இப்படிப்பட்ட பொருளை வைத்திருப்பவனே ஆளத் தகுந்தவன் என்று அந்தக் காலம் நம்பியது.

1582இல் ஹொன்னோஜி கோயிலில் நோபுனாகா தீக்கு நடுவே உயிர்விட்டார். அதன்பின் சிமிழ் டொயோட்டோமி ஹிதேயோஷியின் கைக்கு வந்தது. சாதாரணக் குடும்பத்தில் பிறந்து ஜப்பானையே ஆண்ட அவருக்கு இந்தப் பொருள்கள் வம்சப் பெருமைக்கு ஈடாக இருந்திருக்க வேண்டும். 1598இல் அவர் இறந்தபோது மகன் ஹிதேயோரிக்கு ஐந்து வயது. ஒசாகா கோட்டையும் கருவூலமும் அந்தக் குழந்தைக்குச் சேர்ந்தன; சிமிழும் அந்தக் கோட்டைக்கே வந்து சேர்ந்தது. ஆட்சி இயேயாசுவிடம் போனது.

ஹிதேயோரியின் மகன்தான் குனிமாட்சு. பிறந்தது 1608. ஹிதேயோரியின் முதன்மை மனைவி சென்ஹிமே இயேயாசுவின் பேத்தி; அவள் வயிற்றில் பிறக்காத பிள்ளை என்பதால் அவனைக் கோட்டைக்கு வெளியே மறைவாக வளர்த்தார்கள். பிரபுக்களின் வாழ்க்கையை நாள்வாரியாக எழுதிவைத்த நாட்டில் அவனுக்குக் கிடைத்தது சில வரிகள் மட்டுமே. இயேயாசுவோடு போர் மூண்டபின் ஒசாகாவுக்குள் கொண்டுவரப்பட்டான். கோட்டை விழுந்தபோது ஹிதேயோரியும் அவர் தாய் யோதோவும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தப்பி ஓடிய குனிமாட்சு ஃபுஷிமியில் பிடிபட்டான். ஜூன் 19 அன்று, கியோட்டோவின் ரொக்குஜோ ஆற்றங்கரையில் அவன் தலையை வெட்டினார்கள். அவன் தங்கையைச் சென்ஹிமே மகளாக ஏற்றுக்கொண்டதால் அவள் உயிர் பிழைத்தாள். துறவியாகி, காமாகுராவின் தோக்கேஜி மடத்துக்குத் தலைவியானாள்.

ஒரு சிறுவனிடம் என்ன பயம்? 1160இல் தாய்ரா கியோமோரி, தோற்ற எதிரியின் மகன் யோரிதோமோவைக் கொல்லாமல் விட்டார். 1185இல் அந்த யோரிதோமோவின் படைகளே தாய்ரா குலத்தைக் கடலில் முடித்தன. இந்தக் கதையை அறியாத சாமுராய் வீடு இல்லை. இயேயாசுவும் சிறுவயதில் பகைவரிடம் பிணைக்கைதியாக இருந்து, வளர்ந்து, வென்றவர்தான். அதனாலேயே அவர் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிமிழைத் தேடும் வேலை ஃபுஜிஷிகே தோகென், தோகான் என்ற அரக்குத் தொழிலாளிகளான தந்தை மகன் இருவரிடம் போனது. சாம்பலைக் கிளறி ஓட்டுத்துண்டுகளைப் பொறுக்கினார்கள். அரக்கால் ஒட்டி, மெருகின் நிறத்தையும் வழிந்த கோலத்தையும் அரக்கிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். பார்த்து மகிழ்ந்த இயேயாசு அதை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். அவர்களிடமே அது தலைமுறைகளாக இருந்தது. 1876இல் மிட்சுபிஷி குடும்பத்தின் இவாசாகி யானோசுகே, அண்ணன் யாதாரோவிடம் கடன் வாங்கி அதை வாங்கினார். 1994இல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே உடைந்த துண்டுகள். நாம் பார்க்கும் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் அரக்கு. தந்தையும் மகனும் செய்த வேலை சுமார் 380 ஆண்டுகள் கண்ணை ஏமாற்றியிருக்கிறது.

சிமிழ் இப்போது டோக்கியோவின் செய்காதோ அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். எப்போதும் காட்சியில் இருக்காது. போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போங்கள். அப்படியே கியோட்டோவுக்கும் போங்கள். அங்கே அமிதாகாமினே குன்றில், தாத்தா ஹிதேயோஷியின் சமாதி வளாகத்தில் குனிமாட்சுவின் கல்லறை இருக்கிறது.