கிளினிக் கொப்பியின் கதை

"கிளினிக் கொப்பி" என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். பதுளை, பசறை, நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களைப் பொறுத்தவரை அது அவ்வளவு சாதாரணமான பொருளல்ல. தோட்டத் தொழிலாளியின் பிள்ளையைப் பற்றிய எழுத்து, துரையின் கந்தோரை விட்டுத் தாயின் கைக்கு வந்தது இந்தக் கொப்பியோடுதான் என்பது என் கணிப்பு.

முன்பு எப்படி இருந்தது? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுக்கும் பொறுப்பைத் துரையிடம் விட்டது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பும் அவர் தலையில்தான். பிறப்பை அறிவிப்பதும் அவர் கடமை. ஆகவே எழுத வேண்டியதெல்லாம் கந்தோரிலும் டிஸ்பென்சரியிலும் எழுதப்பட்டது, அதுவும் இங்கிலீஷில். லயத்தில் இருந்த தாயிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. சட்டம் நல்ல சட்டமாக இருந்தாலும், கொடுத்தார்களா இல்லையா என்று அவள் எதைக் காட்டிக் கேட்பது?

அதே காலத்தில் கிராமங்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. மிட்வைஃப் வீடு வீடாகப் போகும் இன்றைய முறைக்கு அதுதான் அடித்தளம். தோட்டங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே, கம்பெனியின் பொறுப்பிலேயே இருந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அரச சுகாதார சேவை மெதுமெதுவாக லயங்களுக்குள் நுழைந்தது. (மெதுவாக என்றால் உண்மையிலேயே மெதுவாக. தோட்ட ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றையும் அரசு பொறுப்பெடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை.) 1968இல் தாய் சேய் நலப் பணியகமாகத் தொடங்கியது 1973இல் குடும்ப சுகாதாரப் பணியகம் ஆனது. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் வந்தது. எந்த ஊசி எப்போது போட்டது என்று வீட்டில் ஒரு பதிவு இருந்தே ஆக வேண்டிய நிலை வந்துவிட்டது.

இந்த யோசனை எங்களுடையது மட்டுமல்ல. ஜப்பானில் 1942இல், யுத்தத்தின் நடுவில், கர்ப்பிணிகளுக்கு ஒரு கைந்நூல் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் பங்கீட்டில் கூடுதல் உணவு கிடைக்கும். 1948இல் பிள்ளையின் விபரங்களையும் அதோடு சேர்த்தார்கள். நைஜீரியாவில் இமேசி என்ற ஊரில் வேலை செய்த டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய வைத்தியர், பிள்ளையின் நிறையைக் குறிக்கும் வளைகோட்டு அட்டையை உருவாக்கித் தாயிடமே கொடுத்தார், பொலித்தீன் உறையில் போட்டு. எங்கள் தாய்மார் இன்றைக்கும் சொப்பிங் பேக்கில்தான் வைத்திருக்கிறார்கள்! ஜப்பானில் பங்கீடு என்றால் இங்கே திரிபோஷ. 1973இல் ஆரம்பித்த அந்த மாப் பக்கற்றும் கிளினிக்கும் கொப்பியும் எங்கள் ஆட்களின் மனதில் ஒன்றாகவே பதிந்திருக்கின்றன.

எனக்குப் பிடித்த விசயம், தாயிடம் இருப்பதைப் போல மிட்வைஃபிடமும் ஒரு பகுதி இருப்பது. கர்ப்பிணிப் பதிவும் அப்படித்தான்: எச் 512 ஏ தாயிடம், பி கிளினிக்கில். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறந்திருக்க மாட்டோம். லயக் காம்பராவில் இருந்த கடதாசி அப்படிப் போய்விட்டால், மறுபகுதி இருக்கும் இடம்தான் கதி.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றவர்களையும் தன்னுள் வைத்திருந்த சமூகம் இது. கடதாசியின் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு டவுனில் இருக்கும் எங்களுக்குத் தெரியாது. கிளினிக் கொப்பி பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகாது. ஆனாலும் பிறந்த திகதியும் பிறந்த இடமும் பிறந்த நிறையும் அதில் இருக்கின்றன.

கொப்பியால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2016 குடிசனவியல் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். வளைகோடு பச்சைக்குக் கீழே இறங்குவதைக் கொப்பி காட்டும், சோறு போடாது. கிளினிக்குக்குப் போன நாளில் அரைப் பேர்தான் என்றால் தாய் எத்தனை மாதம் போவாள்?

அடுத்தது மொழி. அச்சடித்த பக்கங்கள் தமிழில் இருக்கின்றன. பேனையால் எழுதுவது பெரும்பாலும் சிங்களம், இல்லாவிட்டால் இங்கிலீஷ் சுருக்கெழுத்து. தமிழ் தெரிந்த மிட்வைஃப்மார் போதாது. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, மலையேறி வருகிறவர்கள். போன வருடம் ஒரு தாய், இளைய பிள்ளையின் கொப்பியை என்னிடம் நீட்டி, "சேர், மிஸ்ஸி என்னா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். நிறை கூடவில்லை, அடுத்த மாதம் கட்டாயம் கூட்டி வரவும் என்று இருந்தது. எழுதி மூன்று மாதம் ஆகியிருந்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது கொப்பியையும் கொண்டு வாருங்கள். எங்கள் ஸ்டாஃபில் சிங்களம் வாசிக்கக் கூடியவர்கள் நான்கு பேர் இருக்கிறோம். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தோட்டத்துத் தங்கச்சிமாரும், மிட்வைஃப் பயிற்சிக்கு வர்த்தமானி எப்போது வரும் என்று எம்.ஓ.எச். கந்தோரில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.