கை காட்டியவர் கணக்கு

போன வருஷம் நொச்சிக்குப்பத்துத் தம்பி ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார். மீன் வியாபாரம். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, கழுவி, துண்டு போட்டு, சாந்தோம், மயிலாப்பூர், அடையாறு வீடுகளுக்குப் பதினோரு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். சொந்தமாக வெப்சைட் வைத்திருந்தார். தேடினால் அது நாலாவது பக்கத்தில் வந்தது. நாலு பக்கம் புரட்டி மீன் வாங்குகிற பொறுமை இந்த ஊரில் யாருக்கும் கிடையாது. அதைச் சரிபண்ணித் தருவதாக ஒரு கம்பெனி மாதாமாதம் பணம் வாங்கியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து அவர்கள் அனுப்பிய எக்ஸெல் கோப்பைத்தான் காட்ட வந்திருந்தார்.

முந்நூற்றுச் சொச்சம் வரிகள். வரிக்கு ஒரு வலைத்தள முகவரி. பதினாலாவதைத் திறந்தோம்: ஆன்லைன் ரம்மி. அடுத்தது முடி கொட்டுவதற்கு எண்ணெய். அதற்கடுத்தது எந்த மொழியென்றே தெரியவில்லை, படத்தில் டிராக்டர் டயர் இருந்தது. டயர்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆங்கில வாக்கியம்: சென்னையிலேயே நல்ல மீன் இங்கேதான் கிடைக்கும் என்று, தம்பியின் தளத்துக்கு இணைப்போடு.

“அண்ணா, முந்நூறு பேர் நம்மளக் கை காட்றாங்க. ஒருத்தர்கூட வரலியே, ஏன்?”

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் பேக்லிங்க் எங்கே பிறந்தது என்று தெரியாமல் அந்தப் பதில் மண்டையில் ஏறாது. அன்றைக்கு எனக்கும் வேலை அதிகமில்லை.

முதலில் பெயர். தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருகிற எங்கள் தொழிலில் எல்லாரும் பேக்லிங்க் என்றுதான் சொல்கிறோம். ‘பின்னிணைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது புத்தகத்தின் கடைசியில் வருகிற அட்டவணைகளுக்கு எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்ட சொல். விஷயம் எளிது. என் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு ஒரு இணைப்புக் கொடுத்தால், எனக்கு அது வெளியே போகிற இணைப்பு, உங்களுக்கு அது பேக்லிங்க். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இதற்குத் தமிழில் மேற்கோள் என்று பெயர். மேற்கோளை, எடுத்தாண்டவர் பக்கமிருந்து பார்க்காமல் எடுத்தாளப்பட்டவர் பக்கமிருந்து பார்த்தால் அதுதான் பேக்லிங்க்.

அப்படி எதிர்ப்பக்கமிருந்து பார்த்த ஒருவர் மயிலாப்பூர்க்காரர், மயிலை சீனி. வேங்கடசாமி. 1959-இல் வந்த அவருடைய ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ முழுக்க முழுக்க இந்த வேலைதான். சுவடி இல்லை, அச்சு இல்லை, ஆசிரியர் யாரென்றுகூடப் பல இடங்களில் தெரியாது. ஆனால் ஏதோ ஓர் உரையாசிரியர் ஓரிடத்தில் அந்த நூலின் பெயரைச் சொல்லியிருப்பார், இரண்டு அடி எடுத்துக் காட்டியிருப்பார். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்று ஐந்தைச் சொல்கிறார். பஞ்சமரபு பிற்பாடு சுவடியில் கிடைத்தது. மற்றவை அவர் காட்டிய விரலோடு நிற்கின்றன. வளையாபதியும் குண்டலகேசியும் இன்றைக்கு நம் கையில் இருக்கும் அளவுக்கு இருப்பதே, புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரைகாரர்களும் எடுத்துக் காட்டியதால்தான். இந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. நூலுக்குத் தன்னை யார் சொன்னார்கள் என்று தெரியாது. சொன்னவர்களை எல்லாம் படித்தால்தான் தெரியும். ஒரு பெயருக்காக நூறு உரைகளைப் புரட்ட வேண்டும்.

இதே கஷ்டத்தை அமெரிக்காவில் வக்கீல்கள் வேறு வகையில் பட்டார்கள். 1873-இல் சட்டப் புத்தக விற்பனையாளர் ஃபிராங்க் ஷெப்பர்ட், கோந்து தடவிய சின்னச் சீட்டுகளை அச்சடித்து இல்லினாய் மாகாண வக்கீல்களுக்கு விற்க ஆரம்பித்தார். ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எவையெவை எடுத்தாண்டன, ஏற்றனவா, தள்ளினவா என்று சீட்டில் இருக்கும். அந்தத் தீர்ப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டியது. 1891-இல் மயிலாப்பூர் வக்கீல்கள் தொடங்கிய ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ காலத்திலிருந்து நம் ஊர் வக்கீல்களுக்கும் இது பழகின பாடம்தான். தீர்ப்பு என்ன சொல்கிறது என்பதோடு, பின்னால் வந்த எந்த நீதிபதி அதைத் தொட்டார் என்பதும் வேண்டும். பத்து கீழ்க்கோர்ட்டுகள் தொட்டதும் உச்ச நீதிமன்றம் ஒருமுறை தொட்டதும் ஒன்றல்ல.

ஷெப்பர்ட் நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற வில்லியம் அடேர் என்பவர் 1953-இல் எழுதிய கடிதம், யூஜின் கார்ஃபீல்டு என்ற இளைஞரிடம் வந்து சேர்ந்தது. மருத்துவக் கட்டுரைகளை எப்படிப் பட்டியலிடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர் அவர். வக்கீல் சீட்டை விஞ்ஞானத்துக்கு மாற்றினால் என்ன என்று 1955-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். 1964-இல் அது விஞ்ஞான மேற்கோள் அட்டவணையாக வெளிவந்தது. நம் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தவர் கார்ஃபீல்டு. மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகத்தில் ரங்கநாதன் வேலை பார்த்த சேப்பாக்கம், நானும் தம்பியும் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரே கடற்கரை ரோடு.

அட்டவணை வந்ததும் எண்ண ஆரம்பித்தார்கள். இந்தக் கட்டுரைக்கு 40 மேற்கோள், அதற்கு 12. எண்ண ஆரம்பித்ததுமே நண்பரை நண்பர் மேற்கோள் காட்டுவதும், தன்னைத் தானே காட்டிக்கொள்வதும் கூடவே வந்துவிட்டன. 1976-இல் கேப்ரியல் பின்ஸ்கி, ஃபிரான்சிஸ் நாரின் இருவரும், எல்லா மேற்கோளையும் ஒரே எடையில் போடாதீர்கள், காட்டுகிற இதழுக்கே எவ்வளவு மதிப்பு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்று ஒரு வழி சொன்னார்கள். அந்த மதிப்பு எங்கிருந்து வரும்? அதைக் காட்டுகிறவர்களிடமிருந்து. அவர்களுடைய மதிப்பு? அவர்களைக் காட்டுகிறவர்களிடமிருந்து. வட்டம் போலத் தெரிந்தாலும் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளும்.

பிறகு இணையம். டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த வலையில் இணைப்பு ஒருவழிப் பாதை. அதற்குப் பல வருஷம் முன்னாலேயே டெட் நெல்சன் இருபக்கமும் தெரிகிற இணைப்பைக் கனவு கண்டார். அது கட்டி முடியவில்லை. ஒருவழி என்பதால் யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரையும் காட்டலாம், வலை தீயாகப் பரவியதற்கு அதுவும் காரணம். ஆனால் உங்களை யார் காட்டினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. மயிலை சீனி. வேங்கடசாமியின் கஷ்டமேதான்: எல்லாரையும் படித்தால்தான் தெரியும்.

1996-இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜ் என்ற ஆராய்ச்சி மாணவர் எல்லாரையும் படிக்க ஒரு நிரலை ஏவினார். பேக்லிங்க்கைத் தேடுவதால் அதற்கு ‘பேக்ரப்’ என்று பெயர், முதுகு தேய்த்துவிடுவது. நல்லவேளை, மாற்றினார்கள். செர்ஜி பிரின் சேர்ந்தார். பேராசிரியர்கள் டெர்ரி வினோகிராட், ராஜீவ் மோத்வானி பெயர்களும் அந்த ஆய்வில் உண்டு. மோத்வானி ஜம்முவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்தவர். 1998-இல் கூகுள் கம்பெனி ஆனபோது கையில் இருந்த சரக்கு பேஜ்ரேங்க்.

டிசம்பர் சீசன் சபா கேன்டீன்களை வைத்துத்தான் தம்பிக்கு அதைச் சொன்னேன். ஒரு மாமா இருக்கிறார். இருபது கேன்டீனையும் ‘பிரமாதம்’ என்கிறார். இன்னொருவர் சீசன் முழுக்க ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறார். யார் பேச்சை வைத்து வரிசையில் நிற்பீர்கள்? பேஜ்ரேங்கில் ஒரு பக்கத்தின் மதிப்பு அது தருகிற இணைப்புகளுக்குப் பங்கு போடப்படும். இருபது பேரைக் காட்டினால் ஆளுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மாமாவையே மற்ற ரசிகர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதும் கணக்கில் ஏறும். போதாததற்கு, ஜனம் எப்போதும் சொல்வதைக் கேட்டே போகாது, சலித்துப்போய் எங்காவது நுழைந்துவிடும் என்பதற்கு நூற்றுக்குப் பதினைந்து என்று ஒரு கழிவும் வைத்திருந்தார்கள்.

இதோடு கதையை முடிக்கிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதற்கடுத்த அத்தியாயம்தான் பிடிக்கும், ஏனென்றால் அது கொஞ்சம் நம்ம பேட்டை. சாந்தோமிலிருந்து கிளம்பி, பட்டினப்பாக்கம் வழியாகத் திரு.வி.க. பாலம் தாண்டி, சர்தார் படேல் ரோட்டில் திரும்பினால் ஐஐடி மெட்ராஸ். அங்கே படித்த பிரபாகர் ராகவன் அந்தச் சமயத்தில் கலிஃபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில், ஜான் க்ளைன்பெர்கோடு சேர்ந்து இணைப்புகளை ஆராய்ந்த குழுவில் இருந்தார். பல வருஷம் கழித்துக் கூகுள் தேடலுக்கே பொறுப்பாளர் ஆனார். அதே ஐஐடியில் படித்த இன்னொருவர் கிருஷ்ணா பரத், கூகுள் நியூஸைத் தொடங்கியவர். 1998-இல் மோனிகா ஹென்சிங்கரோடு அவர் எழுதிய கட்டுரையில் ஒரு சின்ன யோசனை வருகிறது. ஒரே தளத்திலிருந்து பத்துப் பக்கங்கள் ஒருவரைக் காட்டினால் அதைப் பத்து ஓட்டாக எண்ணாதே, ஆளுக்குப் பத்தில் ஒன்றாகப் போடு. ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு, அவ்வளவுதான். அதன் பிறகு ஜார்ஜ் மிஹைலாவோடு செய்த ‘ஹில்டாப்’ இன்னும் கறார். ஒரு பக்கம் மேலே வர வேண்டுமானால், அந்த விஷயத்தில் தேர்ந்த இரண்டு பேராவது அதைக் காட்ட வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் ஒருவருக்கொருவர் சம்பந்தம் இருக்கக் கூடாது. சம்பந்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? தளங்கள் குடியிருக்கும் கணினியின் ஐபி எண்ணில் முதல் மூன்று பகுதி ஒன்றாக இருந்தால் உறவுக்காரர்கள் என்று வைத்துக்கொள்.

கோத்திரம் பார்ப்பது மாதிரி இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி சிரிக்கவில்லை. எக்ஸெல்லில் முகவரிகளை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். ரம்மிக்கும் டயருக்கும் முடி எண்ணெய்க்கும் ஐபி எண் எடுத்துப் பார்த்தோம். கடைசிப் பகுதி மட்டும்தான் வேறு.

மீதிக் கதை சீக்கிரம் சொல்லிவிடலாம். 2000-இல் கூகுள் ஒரு டூல்பார் விட்டது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பத்துக்கு எத்தனை மார்க் என்று பச்சைக் கோடு காட்டும். மார்க் தெரிந்தால் மார்க்குக்கு விலை வரும். இணைப்பு விற்பனை சந்தையாகவே ஆனது. 2005-இல் ‘நோஃபாலோ’ வந்தது: காட்டுகிறேன், ஆனால் இதை ஓட்டாக எண்ணாதே என்று குறிப்பு. விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகள் இன்றும் இந்தக் குறிப்போடுதான் போகின்றன. 2012 ஏப்ரலில் கூகுளின் ‘பெங்குவின்’ வடிகட்டி வந்தபோது, விலைக்கு வாங்கிக் குவித்த தளங்கள் ஒரே வாரத்தில் காணாமல் போயின. எங்கள் தொழிலில் பல ஆபீஸ்களில் அன்றைக்கு அடுப்பே எரியவில்லை. பச்சைக் கோட்டை 2016-இல் எடுத்தார்கள். எக்ஸெல் விற்கிற கம்பெனிகள் மட்டும் போகவில்லை.

“அப்ப நமக்கு நல்ல பேக்லிங்க் யாருண்ணா குடுப்பாங்க?”

அவருடைய தளத்தைத் திறந்தேன். விலைப் பட்டியல், போன் நம்பர், ‘எங்களைப் பற்றி’. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். யாரிடமும் போய் எங்களுக்கு இணைப்புக் கொடுங்கள் என்று நிற்பதில்லை. பழைய நூலொன்று வேண்டுமென்றால் அங்கேதான் போயாக வேண்டும், அதனால் எல்லாரும் காட்டுகிறார்கள். மீன்காரரிடம் மட்டும் இருக்கிற சரக்கு என்ன?

வாடிக்கையாளர்கள் அடிக்கடி என்ன கேட்பார்கள் என்று கேட்டேன். உடனே சொன்னார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் உனக்கு மட்டும் எப்படி மீன் கிடைக்கிறது, ஐஸ் மீனா என்று எல்லாரும் சந்தேகப்படுகிறார்களாம். தடை விசைப்படகுகளுக்கு, கரையோரம் போகிற சின்னப் படகுகளுக்கு இல்லை. அப்போது என்ன மீன் வரும், என்ன வராது? அது அம்மாவுக்குத்தான் நல்லா தெரியும் என்றார். லூப் ரோட்டில் பல வருஷமாக மீன் விற்கிறவர்.

அம்மா பேசப் பேசத் தம்பி போனில் பதிவு பண்ணி, மாதவாரியாக எழுதிக்கொண்டு வந்தார். காரப்பொடி, நெத்திலி, கிழங்கான், சங்கரா, ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் உள்ளங்கையில் வைத்து எடுத்த படம். செவுளைத் தூக்கி எப்படிப் பார்ப்பது என்று ஒரு படம். அப்போதுதான் அம்மா பழைய பக்கத்தைப் பார்த்திருக்கிறார். வஞ்சிரம் என்று கம்பெனிக்காரர்கள் போட்டிருந்தது சால்மன் படம். “இது எந்த ஊரு மீனுடா?” என்றாராம். அதையும் எடுத்தாயிற்று.

நாலு மாதம் கழித்து, யார் காட்டுகிறார்கள் என்று பார்க்கக் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தோம். புதிதாக மூன்று தளங்கள். ஒன்று சமையல் எழுதுகிறவர். ஒன்று கடற்கரைப் பறவைகளைப் பார்க்கப் போகிறவர்களின் குழு. மூன்றாவது, கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், பிள்ளைகளுக்கான கடல் பாடத்தின் கீழே ‘இதையும் பாருங்கள்’ என்று போட்டிருந்தார். தம்பியின் தளம் முதல் பக்கத்தின் அடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. டீச்சரின் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோயம்புத்தூருக்கு நம்ம வண்டியே போகாதேண்ணா. இவங்க ஏன் நம்மளப் போட்டாங்க?”