அரக்கிலிருந்து கஸ்தூரி வரை: புனேயும் மண ஏற்பிகளின் முன்கதையும்

மண ஏற்பிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1991இல் தொடங்குகின்றனர். அவ்வாண்டில்தான் லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்செலும் எலியின் மூக்கில் அவ்வேற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தனர். ஆனால் பூட்டு அகப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே சாவிகளை வடித்துக்கொண்டிருந்தவர்கள் வேதியியலாளர்கள். அந்த முன்கதையின் ஒரு பகுதி புனேயில் நிகழ்ந்தது.

1950 ஜனவரி 3 அன்று பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அங்கு நறுமண எண்ணெய்களை ஆராய்ந்த எஸ். சி. பட்டாச்சார்யாவும் அவருடைய மாணவர்களும் கஸ்தூரி மணமுள்ள பெருவளையச் சேர்மங்களைச் செயற்கையாக உருவாக்க முயன்றனர். கஸ்தூரியிலும் புனுகிலும் மணப்பவை பதினைந்து, பதினேழு கார்பன் அணுக்கள் கொண்ட பெரிய வளையங்கள் என்பதை 1926இலேயே ருசிச்கா நிறுவியிருந்தார். அத்தனை பெரிய வளையம் நிலைத்திராது என்று வேதியியலாளர் கருதியிருந்த காலம் அது. புனேக் குழுவினர் தேர்ந்த மூலப்பொருள்களுள் ஒன்று நம் காடுகளின் அரக்கு. அரக்கிலுள்ள அலூரிட்டிக் அமிலம் பதினாறு கார்பன் நீளமுள்ள சங்கிலி. ஒரு முனையில் அமிலத் தொகுதி, மறுமுனையில் ஹைட்ராக்சில். இரு முனைகளையும் இணைத்தால் வளையம் பிறக்கும். கஸ்தூரி மானைக் கொல்லாமல் கஸ்தூரி மணம்!

அவ்வளையம் ஏன் அப்படி மணக்கிறது என்பதற்கு அன்று எவரிடமும் விடையில்லை. மணத்தைச் சோதிக்க இருந்த கருவியும் ஆய்வாளரின் மூக்குதான். மூலக்கூறின் வடிவம் ஒரு குழியில் பொருந்துவதே மணம் என்று ஜான் அமூர் வாதிட்டார். அவர் வகுத்த ஏழு அடிப்படை மணங்களுள் கஸ்தூரியும் ஒன்று. ஏழு என்ற கணக்கு பிழைத்தது; பொருத்தம் என்ற கருத்து பிழைக்கவில்லை. இதற்கிடையே, 1970களில் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிக்கா ரோட்ரிக்ஸும் மணத்துக்கு இயல்பாக எதிர்வினையாற்றாத பழ ஈக்களைப் பிரித்தெடுத்து, நுகர்ச்சியை மரபியல் வழியே அணுகலாம் எனக் காட்டினர்.

1991க்குப் பின் படிகள் தெளிவாயின. மணமூலக்கூறு சளிப்படலத்தில் கரைந்து, நரம்பணுவின் இழைகளிலுள்ள ஏற்பிப் புரதத்தில் அமர்கிறது. புரதம் உருமாறி உள்ளிருக்கும் ஜி-புரதத்தைத் தூண்ட, சுழல் ஏஎம்பி பெருகுகிறது. அயனி வாய்க்கால்கள் திறக்கின்றன. மின்துடிப்பு மூளையின் முகர்குமிழை அடைகிறது. மனிதரிடம் செயல்படும் ஏற்பிகள் ஏறத்தாழ 400. ஒரு மணம் பல ஏற்பிகளை எழுப்பும். ஓர் ஏற்பி பல மணங்களுக்கு இசையும். கஸ்தூரியோ இதில் சற்று விலகியது. கஸ்தூரியின் மஸ்கோனை மிகச் சில ஏற்பிகளே உணர்கின்றன என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர். மனிதரில் அவர்கள் இனங்கண்டது ஓஆர்5ஏஎன்1. மூலக்கூறு அமர்ந்த நிலையில் ஒரு மனித மண ஏற்பியின் வடிவம் 2023இல்தான் வெளியாயிற்று. அது புரோப்பியோனிக் அமிலத்துக்கான ஏற்பி. அதன் குழி மிகச் சிறியது, நீண்ட சங்கிலி அமிலங்கள் அதில் அடங்குவதில்லை.

மூக்கை நம்பிய பழைய சிக்கல் 2020இல் அதே பாஷாணுக்குத் திரும்பியது. தேசிய ஆய்வகத்தை அடுத்துள்ள ஐசர் நிறுவனத்தில் நிக்சன் ஆபிரகாமின் குழு, பி. ஜே. அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்து, அறிகுறியற்ற கோவிட் தொற்றாளரிடம் மண உணர்வை அளவிடும் கருவியைப் பயன்படுத்தியது. மணம் தெரியவில்லை என்று தாமாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. கருவி குறைபாடு கண்டதோ 82 விழுக்காட்டினரிடம். இழந்ததை இழந்தவரே அறியவில்லை.

வைரஸ் நுழைவது நரம்பணுக்களுக்குள் அன்று, அவற்றைத் தாங்கும் துணையணுக்களுக்குள் என்று அவ்வாண்டே தெரியவந்தது. அப்படியானால் மணம் மறைவானேன்? 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் அளித்த விடை: சுற்றியுள்ள அணுக்கள் தாக்குண்ட நிலையில், தொற்றாத நரம்பணுக்களும் தம் ஏற்பி மரபணுக்களின் செயல்பாட்டைத் தணித்துக்கொள்கின்றன.