உரக்கிடங்கு: வரவில் இருந்து செலவுக்குப் போன கதை

தஞ்சாவூரில் ஜெபமாலைபுரம், கும்பகோணத்தில் கரிக்குளம். அந்தந்த ஊர்க்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் கை தானாக மூக்குக்குப் போகும். ஊர்க் குப்பை முழுவதும் போய்ச் சேர்ந்த இடங்கள். ஆனால் நகராட்சிப் பேச்சில் இவற்றுக்கு அழகான ஒரு பெயர் உண்டு: உரக்கிடங்கு. குப்பை மேட்டுக்கு எதற்கு உரத்தின் பெயர்?

ஒரு காலத்தில் அது பொருத்தமான பெயர்தான். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்ட், மட்கு உரம் தயாரிக்க ஒரு முறையை வகுத்தார். 1930களின் இறுதியில் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா அதை நகரங்களுக்கு ஏற்றபடி மாற்றினார். குழி வெட்டி, குப்பையையும் மலக்கழிவையும் மாற்றி மாற்றி அடுக்கி, மண்ணால் மூடி, சில மாதம் விட்டுவிடுவது. அவ்வளவுதான். 1940களில் போரும் பஞ்சமும் வந்தபோது, உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கத்தின் பகுதியாக அரசே நகராட்சிகளை உரம் தயாரிக்கச் சொன்னது. தயாரான உரம் விவசாயிகளுக்கு விற்கப்பட்டது.

காவிரி டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. ஊர் எல்லை முடிந்த உடனே நெல் வயல். ஊர்க் குப்பையோ வாழை இலை, காய்கறித் தோல், சாணம், அடுப்புச் சாம்பல். வயலில் இருந்து வந்தது வயலுக்கே திரும்பியது. கணக்குப் புத்தகத்தில் குப்பை வரவுப் பக்கத்தில் இருந்தது!

அந்த வரவு நின்றதற்குக் காரணங்கள் இரண்டு. 1960-61இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்வான மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. புதிய விதைகளோடு மூட்டை மூட்டையாக ரசாயன உரமும் வந்தது. பின்னர் பிளாஸ்டிக் வந்தது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எந்த விவசாயி காசு கொடுத்து வாங்குவார்? வாங்க ஆள் இல்லாமல் குப்பை மலையானது. தேய்மானத்துக்குத் தொகை ஒதுக்க வேண்டும் என்பது வணிகவியல் முதலாண்டுப் பாடம். இந்த நிலத்தைப் பிற்பாடு சுத்தம் செய்ய ஆகும் செலவுக்கு அப்படி யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

1996இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016 விதிகள் பழைய குப்பையைக் கிளறிப் பிரிக்கும் ‘பயோ மைனிங்’ முறையை முன்வைத்தன. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதற்குக் கெடு விதித்தது. இந்த வேலையைத் தமிழ்நாட்டில் முன்கூட்டியே செய்து பார்த்த ஊர்களில் கும்பகோணம் ஒன்று. கரிக்குளத்தில் 2010களின் நடுவிலேயே இது நடந்தது. குப்பையை வெட்டி எடுத்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிக் காயவைத்து, சுழலும் சல்லடையில் சலிப்பார்கள். பிளாஸ்டிக், துணி போன்றவை சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும். அடியில் விழும் மண் பள்ளம் நிரப்ப உதவும். கன உலோகங்கள் கலந்திருக்கலாம் என்பதால் பரிசோதிக்காமல் அதை வயலில் போட முடியாது. ஜெபமாலைபுரத்திலும் பிற்பாடு பயோ மைனிங் நடந்தது.

சரி, செலவு யாருடையது? 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா 2.0 திட்டம், பழைய குப்பைக்கு டன்னுக்கு 550 ரூபாய் என்று கணக்கிட்டது. 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு அதில் 33 சதவீதம் மத்திய அரசின் பங்கு. மீதி மாநிலமும் உள்ளாட்சியும். தஞ்சாவூரும் கும்பகோணமும் இந்த வகைதான். எப்படிப் பார்த்தாலும் வரிப்பணம். குப்பை போட்டவர்கள் எல்லோரும் என்பதால் எல்லோரும் கட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் கெடுத்தவர் யார் என்று தெரிந்த இடத்தில்? ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே கிடந்தது. அமெரிக்கா 1980இல் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டத்தின் மூலம் எண்ணெய், ரசாயன நிறுவனங்களின் மீது தனி வரி போட்டு இதற்கென நிதி திரட்டியது. 1995இல் அந்த வரி காலாவதியானதும் நிதி கரைந்தது. 2021, 2022 சட்டங்களால் வரி திரும்பி வந்தது. இந்தியாவிலும் 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி செஸ் போட்டார்கள். 2016இல் அது 400 ரூபாய் ஆனது. வசூலில் பெரும்பகுதி நோக்கத்துக்குச் செலவாகவே இல்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அது மாநிலங்களின் இழப்பீட்டுக்கு மாற்றப்பட்டது.

மாசுபட்ட இடங்களுக்கென்று தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வந்தன. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அவை. ஆனால் குப்பைக் கிடங்குகள் பொதுவாக அவற்றின் வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே உரக்கிடங்கின் செலவு இன்னும் ஊர்க் கணக்கில்தான்.